ஒரே டேக்

பிப்ரவரி 5, திங்கள்

இட்லியை ஊற்றிவைத்துவிட்டுத் தன்விகாவை எழுப்பினேன். பாதித் தூக்கத்தில் பல் துலக்கினாள். சட்டை மாட்ட வந்தபோது யூனிஃபார்ம் என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். “ஸ்கூல் இல்லடி, ஷூட்டிங்” என்றேன். கண்ணைத் திறக்காமலே கையைக் கீழே போட்டாள்.

செட்டில் டைரக்டர் நல்ல மூடில் இருந்தார். கதை திரும்புகிறதாம். சீரியலில் என் மகளுக்குப் பொன்னி என்று பெயர். சித்தி கொடுமை தாங்காமல் ஓடிவந்து, இதுவரை ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இனிமேல் செங்கல் சூளைக்குப் போகிறாள். “குழந்தைத் தொழிலாளர் பிரச்சினைய யாருமே இந்த மாதிரி தொட்டதில்ல, தன்விகாம்மா. நாம தொடுறோம்” என்றார்.

வரும் வழியில் காய்கறிக் கடையில் நின்றேன். “பொன்னியோட அம்மாதானே?” என்று கேட்டு, நான் கேட்காமலே ஒரு கட்டு புதினா போட்டுக் கொடுத்தாள் கடைக்காரப் பெண். தன்விகா காரிலேயே தூங்கிவிட்டாள். ஒன்பது வயசுக்குக் கனம்தான். தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

எஸ்தர் மிஸ் போன் செய்தார். நாலாம் வகுப்புக்கு அவர்தான் கிளாஸ் டீச்சர். தன்விகா இன்று கணக்கு வகுப்பில் டெஸ்க்கில் தலைவைத்துத் தூங்கிவிட்டாளாம்.

“நான் எழுப்பலைங்க. ஆனா சொல்லணும்னு தோணுச்சு. இந்த மாசம் பொறந்து அவ வந்ததே மூணு நாள்.”

“அவளா ஆசப்பட்டுத்தான் மிஸ் நடிக்கிறா.”

“எல்லாப் பிள்ளைங்களும் ஆசப்படும். ஆசப்பட்டதை அப்புறம் வேண்டாம்னும் சொல்லலாம்ல. இவ வேண்டாம்னு சொன்னா ஷூட்டிங் நிக்குமா? நிக்காதுன்னா அது வேலைதான்.”

நல்ல டீச்சர்தான். ஆனால் கலை என்றால் என்ன என்று இவர்களுக்குத் தெரியாது. பாட்டு கிளாஸ், நீச்சல் கிளாஸ் என்று அலையவிடும் பெற்றோரை யாரும் கேட்பதில்லை. ராத்திரி என் கணவர் செந்தில்வேலிடம் சொன்னேன். இவருக்குப் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: “நீ பாத்துக்க, வளர்.”

பிப்ரவரி 10, சனி

துணி துவைத்தேன். தன்விகா மத்தியானம் வரை தூங்கினாள். சாயங்காலம் ஷூட்டிங்.

பிப்ரவரி 14, புதன்

பெரியபாளையம் தாண்டி ஒரு நிஜமான சூளையில் ஷூட்டிங். செம்மண், வெயில், புகை. தன்விகாவுக்கு முகத்தில் கரி பூசி, கிழிந்த பாவாடை கட்டிவிட்டார்கள். தலையில் தூக்குவதற்குத் தெர்மாகோல் செங்கல். நிறம் அடித்து, பார்க்க அசல் போலவே இருந்தது.

சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தன் தெர்மாகோல் கல்லை ஒற்றை விரலில் தூக்கிக் காட்ட, எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. தன்விகாவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. மேனேஜர் பாஸ்கர் சார் வந்து, “ஓனர் சார், இந்தப் பசங்களை அப்பால கூட்டிப்போகச் சொல்லுங்க. ஃபிரேம்ல விழுந்தா நாளைக்குப் பிரச்சினை” என்றார். பிள்ளைகளைக் குடிசைகளுக்குப் பின்னால் விரட்டினார்கள். அங்கே அவை ஈரக்கல்லைத் திருப்பிப்போட உட்கார்ந்துவிட்டன.

அவற்றில் இரண்டு பிள்ளைகளின் தாய் அஞ்சலை. திருவண்ணாமலைப் பக்கம். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். மனசு கேட்காமல், “இதுங்கள ஸ்கூலுக்கு அனுப்பலாமேம்மா” என்றேன்.

“சீசன் முடிஞ்சி ஊருக்குப் போனா அனுப்புவேன். முன்பணம் வாங்கிட்டு வந்தோம், கழிக்கணும்ல. நாங்க ரெண்டு பேரு மட்டும் அறுத்தா கல்லு கணக்குக்கு வராது.” தன்விகாவைப் பார்த்தாள். “உங்க புள்ளைக்கும் முன்பணம் வாங்கிட்டீங்களா?”

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் சிரித்துவிட்டு, இது வேற, இது நடிப்பு என்றேன். என்ன பெற்றவர்களோ. பாவம் அந்தப் பிள்ளைகள்.

பிப்ரவரி 15, வியாழன்

நல்ல நாள். அழுகிற காட்சி ஒரே டேக்கில் ஓகே. யூனிட் மொத்தமும் கை தட்டியது. டைரக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும்போது தன்விகா பேசவில்லை. களைப்பு. அஞ்சலை குடிசை வாசலில் நின்றிருந்தாள். கையசைத்தேன். அவள் அசைக்கவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

இவர் வேலைக்குக் கிளம்பும்போது தன்விகா பைக் சாவியை ஒளித்துவைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று அழுதாள். பஸ்ஸில் போகச் சொன்னாள். இவருக்குச் சிரிப்பு. கடைசியில் பஸ்ஸில்தான் போனார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஒவ்வொரு பிரேக்கிலும் என் போனை வாங்கி அப்பாவைக் கூப்பிடுகிறாள். கூப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசுவதில்லை. குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். இவர் ஷோரூமில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் நிற்பவர். இன்று கஸ்டமர் முன்னால் சங்கடமாகிவிட்டதாம்.

“எதையாவது பாத்துப் பயந்துட்டாளா வளர்? அந்தச் சூளைக்குப் போனதுலேர்ந்துதான் இப்பிடி இருக்கா.”

“புது எடம். தூசி. அதெல்லாம் இருக்கும்” என்றேன்.

படுக்கையை இரண்டு நாளாக நனைக்கிறாள். மெத்தையை மொட்டைமாடியில் போட்டேன். கீழ்வீட்டுக்காரி கேட்டதற்குத் தண்ணீர் பாட்டில் கொட்டிவிட்டது என்றேன்.

பிப்ரவரி 26, திங்கள்

சூளைக் காட்சி ஒளிபரப்பானது. போன் ஓயவில்லை. பொன்னி செங்கல் அடுக்கின் மேல் விழுந்து, செத்துப்போன தாயை “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டு அழுகிறாள். படம் பிடித்தபோது தன்விகா வேறு சொல்லைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். டப்பிங்கில் மாற்றிவிட்டார்கள். அப்பா என்றாலும் அம்மா என்றாலும் உதடு ஒட்டுவது ஒன்றுபோலத்தான். யாருக்கும் தெரியவில்லை.

மதுரைப் பக்கம் திருமங்கலத்திலிருந்து என் அப்பா பேசினார்.

“ஏத்தா, அந்தப் புள்ள நெசமாவே அழுதுருக்கே.”

“நடிப்புப்பா.”

“நடிப்புன்னா எனக்குத் தெரியாதா? எத்தன நாடகம் பாத்துருக்கேன். பயந்த புள்ள அழுற மாதிரில்ல இருக்கு. யாராச்சும் அடிச்சாய்ங்களா?”

“யாரும் தொடலப்பா” என்றேன். அது உண்மை.

தன்விகா பார்க்கவில்லை. பெயர் போடத் தொடங்கியதுமே பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர் வீணாகிறது என்று கத்தினேன்.

மார்ச் 4, திங்கள்

யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். எஸ்தர் மிஸ்ஸாகத்தான் இருக்கும். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி மேடம் செட்டுக்கு வரப்போவதாகக் காலையிலேயே பாஸ்கர் சாருக்குத் தகவல் தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, “அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை இல்ல, மூணு மணி நேரத்துக்கு ஒரு பிரேக், ஸ்கூல் விடுறதில்ல. இதத்தான் நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க, ஞாபகம் வெச்சுக்கங்க” என்றார். நான் கையெழுத்துப் போட்டபோது அந்தத் தாளை முழுசாகப் படிக்கவில்லை.

அந்த மேடம் தன்விகாவைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். காதில் விழுந்தது.

“தினமும் எவ்ளோ நேரம் இங்க இருப்ப பாப்பா?”

“ஸ்கூல் முடிஞ்சு வருவேன் ஆன்ட்டி. அஞ்சு மணி நேரம்தான். நடுவுல தூங்க வெப்பாங்க. ஜூஸ் குடுப்பாங்க.”

“உனக்குப் பிடிச்சிருக்கா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு ஆன்ட்டி.” கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். பொன்னியின் சிரிப்பு. போஸ்டரில் உள்ளது.

அவளுக்கு நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. காலையில் பாஸ்கர் சார் என்னிடம் பேசியபோது பக்கத்தில் தலை வாரிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அந்த மேடம் போகும்போது தன் நம்பரை என் போனில் ஏற்றிக்கொடுத்து, “குழந்தை ரொம்ப நல்லா பேசுறா. அதான் எனக்குக் கவலையா இருக்கு. எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கம்மா” என்றார்.

எல்லோரும் தன்விகாவைத் தூக்கிக் கொஞ்சினார்கள். டைரக்டர் சாக்லேட் வரவழைத்தார். என் பங்கைச் சாப்பிடாமல் பைக்குள் போட்டுக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு எண்ணெய் அதிகம்.

மார்ச் 5, செவ்வாய்

இவரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன். ரசத்துக்குப் புளி அதிகம் என்றார், அதற்கு.

மார்ச் 17, ஞாயிறு

அப்பா போய்விட்டார்.

அண்ணன் பதினொன்றரைக்குக் கூப்பிட்டான். காலையில் டீ குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் செட்டுக்கு வெளியே ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த இரைச்சலில் அண்ணனை மூன்று தடவை சொல்லவைத்தேன்.

உள்ளே போனேன். தன்விகா இரண்டு ஷாட்டுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மண்டியிட்டு, “தன்வி, திருமங்கலம் தாத்தா செத்துப்போயிட்டார்டா” என்றேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு டைரக்டரைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள்.

“இப்ப அழணுமாம்மா?” என்றாள். “இந்த ஷாட்டுக்கா? நீ இப்பிடிச் சொல்லவேணாம். நானே அழுதுருவேன்.”

அழுதாள். கண் நிரம்பி, உதடு நடுங்கி, சரியாக. கொஞ்ச நேரம் கழித்து, “போதுமா?” என்றாள்.

பக்கத்தில் நின்ற மேக்கப் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டைரக்டர் ஓடிவந்து என் தோளைத் தட்டினார். “ரொம்ப வருத்தம்மா. உடனே கிளம்புங்க, வண்டி போடச் சொல்றேன். ரெண்டே ரெண்டு ஷாட். இன்னைக்கு எடுக்கலைன்னா நாளைக்கு டெலிகாஸ்ட் இல்ல. முகத்துல இந்த எமோஷன் இருக்கும்போதே எடுத்துடலாம்.”

நான் சரி என்றேன். அதை இங்கே எழுதிவைக்க வேண்டும். என் அப்பா செத்துக் கிடக்கும்போது, என் மகளை இன்னும் இரண்டு ஷாட் அழவைக்க நான் சரி என்றேன்.

மார்ச் 20, புதன்

திருமங்கலம். எல்லாம் முடிந்து இன்றுதான் உட்கார்ந்து எழுத நேரம்.

திங்கள்கிழமை விடிகாலையில் மூன்று பேரும் வந்து இறங்கினோம். தன்விகா வழியெல்லாம் ஜன்னல் பக்கம் அமைதியாக வந்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அவள் நேராகப் போய் அவர் காலைத் தொட்டாள். கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டாள். பிறகு பின்னால் நகர்ந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

“டிவில அந்த அழுகை அழுகுது, சொந்தத் தாத்தனுக்கு ஒரு சொட்டு வரல பாரேன்” என்றாள் பெரியம்மா. நாலு பேர் கேட்டார்கள். தன்விகாவும் கேட்டாள்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய் வந்தபிறகு அவள் இவரிடம் கேட்டாளாம்: “அப்பா, தாத்தா நிஜமாவே எந்திரிக்க மாட்டாரா? அம்மா சொல்லவேணாம், நீ சொல்லு.”

இவர் என்னைத் தேடிக் கொல்லைப்புறம் வந்தார். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

“அம்மா சொல்லவேணாம்கிறா. ஏன் வளர்?”

இவர் கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். மெதுவாகக் கேட்டார். சொன்னேன்.

அன்று சூளையில் கிளிசரின் போட்டுப் போட்டு அவள் கண் வீங்கிவிட்டது. “எரியுதும்மா, வேணாம்மா” என்றாள். வெளிச்சம் போய்விடும் என்று கேமராமேன் கத்திக்கொண்டிருந்தார். டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீங்க ஏதாவது சொல்லி அழவைங்க. குழந்தைக்கு எது வலிக்கும்னு அம்மாவுக்குத்தான தெரியும்” என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடித்தது நான். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினேன். “தன்வி, அப்பா வண்டில லாரி மோதிடுச்சாம்டி, அப்பா இல்லடி” என்றேன். அவள் “அப்பா” என்று அலறிக்கொண்டு கல் அடுக்கின் மேல் விழுந்தாள். அவை தெர்மாகோல் இல்லை. முட்டி கிழிந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் அவளைப் பிடிக்கவில்லை. ஃபிரேமில் விழாமல் விலகி நின்றுகொண்டேன்.

ஓகே சொன்னபிறகுதான் தூக்கினேன். “சும்மா சொன்னேன்டா கண்ணு, அழுறதுக்காக. அப்பாகிட்ட சொல்லாத, திட்டுவார்” என்றேன். அவள் சொல்லவே இல்லை. ஒரு மாதம், அந்த ஒன்பது வயசுப் பிள்ளை என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு பைக் சாவிய ஒளிச்சு வெச்சப்பவே நான் கேட்டுருக்கணும்” என்றார். பிறகு, “ஷோரூம்ல வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் எம்பொண்ணு எம்பொண்ணுன்னு போனைக் காட்டினது நான்தான்.”

அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 22, வெள்ளி

தன்விகாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தலை பின்னிவிடும்போது. முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லை.

“பரவால்லம்மா” என்றாள். அந்த மேடத்திடம் பேசிய அதே குரல்.

மார்ச் 25, திங்கள்

தன்விகா இனி நடிக்க வரமாட்டாள் என்று பாஸ்கர் சாரிடம் சொல்லிவிட்டேன். முதலில் ஒப்பந்தம் என்றார், பிறகு பொன்னியை நம்பி எத்தனை லைட்மேன் குடும்பம் சாப்பிடுகிறது தெரியுமா என்றார். அது பொய்யில்லை. லைட்மேன்களும் காலையிலிருந்து ராத்திரி வரை எங்களோடுதான் நின்றார்கள். ஆனால் அவர்களைச் சாப்பிடவைக்கிற பொறுப்பை எப்படி என் மகள் தலையில் ஏற்ற முடிகிறது? இதை அவரிடம் கேட்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. அங்கே “சாரி சார், சாரி சார்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவரே, “சரி விடுங்க. பொன்னியா நடிக்க லைன்ல நிக்கிறாங்க” என்றார்.

ஏப்ரல் 1, திங்கள்

பொன்னிக்குப் புது முகம் வந்துவிட்டது. “இனி பொன்னியாக இவர்” என்று கீழே எழுத்து ஓடியது. அந்தப் பிள்ளைக்கு ஏழு வயசுகூட இருக்காது. பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 6, சனி

காய்கறிக் கடையில் கூட்டம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் நின்று வாங்கினேன். அது எனக்கு வலித்தது. அப்பா செத்துப்போய், பிள்ளை படுக்கையை நனைத்து, இவ்வளவும் ஆன பிறகும், ஒரு கடைக்காரி என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று எனக்கு வலிக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது.

தன்விகாவுக்குப் பரீட்சை. கணக்கில் பின்தங்கித்தான் இருக்கிறாள். எஸ்தர் மிஸ் தினமும் ஸ்கூல் விட்டதும் கொஞ்ச நேரம் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் நன்றி சொல்லப் போனேன். “எதுக்குங்க, சரியா தூங்குறாளா?” என்று மட்டும் கேட்டார். தூங்குகிறாள். நான் எழுப்புவதில்லை. ஆனால் நான் என்ன சொன்னாலும், மழை வருகிறது என்றால்கூட, ஒருமுறை ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறாள்.

ஏப்ரல் 11, வியாழன்

ரம்ஜான் விடுமுறை. இவரும் தன்விகாவும் பீச்சுக்குப் போயிருந்தார்கள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“அக்கா, நான் மோனிஷாவோட அம்மா பேசுறேன். இப்ப பொன்னியா பண்றாளே, அந்த பாப்பா. டைரக்டர் சார்தான் உங்க நம்பர் குடுத்தார்.”

சின்ன வயசுக் குரல். பின்னால் ஜெனரேட்டர் சத்தம்.

“சொல்லுங்கம்மா.”

“மத்தியானத்துலேர்ந்து ஒரு அழுற சீன்க்கா. இவளுக்கு வரவே மாட்டேங்குது. சார் திட்டிக்கிட்டே இருக்கார். உங்க பாப்பா சூளையில அழுதத காட்டிக் காட்டி, அந்தம்மாகிட்ட கேளு, எப்படி வரவெச்சாங்கன்னு கேளுங்கிறார்.”

இவளிடமாவது மறைக்கக்கூடாது என்று நினைத்தேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடியது, லாரி, அப்பா. விலகி நின்றது. அதற்குப் பிறகு படுக்கை நனைந்தது, என் அப்பா செத்தபோது அவள் கேட்டது எல்லாம். அந்தப் பக்கம் அவள் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தாள். ‘ம்’ நின்றது. இவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“ஆனா ஒரே டேக்ல வந்துருச்சுல்லக்கா?” என்றாள்.

“வந்துச்சு” என்றேன்.

“தேங்க்ஸ்க்கா, ஷாட் ரெடின்றாங்க” என்று வைத்துவிட்டாள்.

உடனே திருப்பிக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. டேக் போகும்போது அங்கே எல்லோரும் போனைச் சைலன்ட்டில் போட்டுவிடுவார்கள்.